பாலக்காடா, கோவையா, திருச்சூரா: குறைமாதப் பிரசவத்துக்கு எங்கே போவது?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் காலை நாலு பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். உள்ளே என் தங்கை மகள் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முப்பதாவது வாரம். விடியற்காலையில் நீர் கசிந்திருக்கிறது. உள்ளூர் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எப்ப வேணாலும் வரலாம். இன்னிக்கே வரலாம், ஒரு வாரம் தள்ளியும் போகலாம். குறைமாதக் குழந்தையைப் பார்க்கிற வசதி இருக்கிற இடத்துக்குப் போயிருங்க" என்று சொல்லி, இடுப்பில் ஓர் ஊசியும் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த இடம் என்று மட்டும் எழுதவில்லை.

சம்பந்தி கோயமுத்தூரில் பெரிய தனியார் ஆசுபத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றார். என் மச்சான் திருச்சூர் மெடிக்கல் காலேஜ் என்றார். நான் பாலக்காடு என்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் அது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. தங்கை மட்டும், "இங்கியே பக்கத்துல பெத்துக்கட்டும்ணா. குழந்தைக்கு ஏதாச்சும்னா அப்புறம் ஆம்புலன்ஸ்ல கொண்டு போய்க்கலாம்" என்றாள்.

நாலும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் அதில் ஒன்று தப்பு. மற்ற மூன்றில் எது சரி என்பது நாங்கள் அன்றைக்குப் பேசவே பேசாத விஷயங்களைப் பொறுத்தது. நான் அரசு மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன். அப்படியிருந்தும் எனக்கு இது தெரியவில்லை. பிறகு டாக்டர்களைக் கேட்டும் ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை, சித்தூர் தாலுக்காவில் என்னைப்போல எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தையும் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தங்கை சொன்ன வழி. பக்கத்தில் பிரசவம், பிறகு குழந்தையை மாற்றுவது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நான் இப்போது வேண்டவே வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான்.

காரணம் இது. நிறைய வாரம் முன்னதாகப் பிறக்கும் குழந்தையின் மூளைக்குள், நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில், மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் அடர்ந்து கிடக்கும். நிறைமாதத்துக்குள் அந்தப் பகுதி தானாகவே கரைந்துவிடும். முப்பது வாரத்தில் அது இன்னும் அங்கேயேதான் இருக்கும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ, மூச்சு தடுமாறினாலோ அந்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசியும். அப்படிக் கசிவதில் பெரும்பகுதி பிறந்த முதல் 72 மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் குழந்தையைத் தூக்கி வண்டியில் போட்டு, வாளையாறு லாரி வரிசையில் பிரேக் போட்டுப் போட்டுக் கொண்டு போகிறோம்.

இங்கிலாந்தில் 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பெரிய மையத்திலேயே பிறந்த குழந்தைகளோடு, வேறிடத்தில் பிறந்து 48 மணி நேரத்துக்குள் பெரிய மையத்துக்கு மாற்றப்பட்ட குழந்தைகளை ஒப்பிட்டார்கள். மூளையில் கடும் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அங்கே ஆம்புலன்ஸில் வருவது பச்சிளம் குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற குழு; வண்டியில் இன்குபேட்டர் இருக்கும். நம் ஊர் வண்டியை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பே, 2010இல், அமெரிக்க மருத்துவக் கழக இதழ் முப்பது வருட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டிருந்தது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில், உயர்நிலை மையத்தில் பிறந்தவர்களில் 23 சதவீதம் இறந்தார்கள். மற்ற இடங்களில் பிறந்தவர்களில் 38 சதவீதம்.

ஆம்புலன்ஸில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று குளிர். உடல் சூடு 36.5க்கும் 37.5 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருக்கவேண்டும். எடை மிகக் குறைந்த குழந்தைகளில், வார்டுக்குள் வரும்போது உடல் சூடு ஒரு டிகிரி குறைந்திருந்தால் இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் கூடுகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. டர்க்கி டவலில் சுற்றிப் பாட்டி மடியில் வைத்துக் கொண்டுபோவதெல்லாம் பாசம்தான். ஆனால் அந்த ஒரு டிகிரி திருச்சூர் வழியில் ஆலத்தூர் தாண்டுவதற்குள் போய்விடும். இன்னொன்று ஆக்ஸிஜன். சிலிண்டரிலிருந்து நேராகக் கொடுக்கும் முழு ஆக்ஸிஜன் மூச்சுக்கு நல்லது, கண்ணுக்குக் கெடுதல். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, கருப்பையைவிட நல்ல இன்குபேட்டர் வண்டி கிடையாது. குழந்தை பயணம் செய்யவேண்டுமானால் அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கும்போதே செய்யட்டும். வழியிலேயே பிறந்துவிடும் நிலை என்றால் மட்டும் கிளம்பக்கூடாது. அந்த முடிவு டாக்டருடையது, வீட்டாருடையது அல்ல.

அந்த ஒரு ஊசி

டாக்டரம்மா இடுப்பில் போட்டாரே, அது டெக்ஸாமெதாசோன். விலை குறைந்த மருந்து. ஆயிரக்கணக்கான குப்பிகளை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பெரும்பாலும் ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும். குறைமாதப் பிரசவத்துக்கு இதைவிடப் பெரிய மருந்து இன்றுவரை இல்லை என்பது பணி ஓய்வுக்குப் பிறகுதான் மனதில் உறைத்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து, பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டி ஒன்று பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தது. ஆனால் மூச்சு விட்டது. நுரையீரல் காற்றால் விரிந்திருந்தது. ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அதையே கர்ப்பிணிகளிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். நம்மைப் போன்ற நாடுகளில் இது வேலை செய்யுமா என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. 2015இல் வந்த ஓர் ஆய்வு அந்தச் சந்தேகத்தைக் கூட்டவும் செய்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தி 2020இல் முடிவைச் சொன்னது. ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 19.6 சதவீதம் பிறந்த 28 நாளுக்குள் இறந்தன. போடாதவர்களிடம் அது 23.5 சதவீதம். வாரக்கணக்கு சரியாகத் தெரிந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள ஆசுபத்திரியில் கொடுத்தபோது கிடைத்த பலன் இது. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. முதல் ஊசியைச் சிறிய ஆசுபத்திரியிலேயே போட்டு அனுப்பலாம். மத்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. 24 முதல் 34 வாரம் வரை. எந்த ஊருக்குப் போவதானாலும் கிளம்பும்முன் கேட்கவேண்டிய கேள்வி, "ஊசி போட்டாச்சா? சீட்டுல நேரம் எழுதியாச்சா?" எங்கள் சீட்டில் நேரம் இல்லை. அந்தப் பக்கம் போனதும் டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். நாங்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னோம்.

எத்தனை வாரம்?

இனி மற்ற மூன்று ஊர்கள். நாங்கள் எந்த ஆசுபத்திரி பெரியது என்று சண்டை போட்டோம். எத்தனை வாரம் என்று கேட்டிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

34 வாரம் தாண்டிவிட்டதா? குழந்தை மருத்துவர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிற, மஞ்சள் காமாலைக்கு லைட் வைக்கிற ஆசுபத்திரி எதுவானாலும் போதும். பாலக்காடு தாராளம். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 1963 ஆகஸ்டில் இதே 34 வாரச் சொச்சத்தில் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். அந்த நாட்டின் சிறந்த மருத்துவர்கள் எல்லாம் சுற்றி நின்றும், நுரையீரல் விரியாமல் இரண்டு நாளுக்குள் இறந்துபோனான். இன்று அதே எடையில் அதே வாரத்தில் பிறக்கும் குழந்தை நம் மாவட்டத் தலைநகரத்திலேயே பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது.

28க்குக் கீழே என்றால் அதிலும் பேச்சு வேண்டாம். அந்தக் குழந்தைகளை வழக்கமாகப் பார்க்கிற, நாள்தோறும் பார்க்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும். அது கோவையிலும் இருக்கலாம், திருச்சூரிலும் இருக்கலாம். "போன வருஷம் இந்த வாரத்துல எத்தனை குழந்தை பார்த்தீங்க?" என்று கேட்டால், வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குக் கோபம் வராது.

குழப்பம் எல்லாம் நடுவில் உள்ள 28 முதல் 34 வரைக்கும்தான். எங்களுடையது அதுதான்.

மூன்று ஊர், மூன்று கணக்கு

கோவை தனியார் ஆசுபத்திரிகளின் பலம் வேகம். உள்ளே போன அரை மணி நேரத்தில் ஸ்கேன், ரத்தம், இரண்டு டாக்டர். மொழிப் பிரச்சினை கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்கள் மலையாளம் பேசுவார்கள் என்றாலும், பயந்து போயிருக்கும்போது வாயில் தமிழ்தான் வருகிறது. பலவீனம், பணம். குறைமாதக் குழந்தையின் பில் நாள் கணக்கில் ஏறும். முப்பது வாரக் குழந்தை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருக்கக்கூடும். முதல் வாரத்துக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கிறோம். நாலாவது வாரத்தில் நகை அடகுக் கடை. இங்கே எல்லைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் தனியாக உண்டு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்த மாநிலத்து ரேஷன் அட்டைக்காரர்களுக்கு. நம் கையில் இருப்பது கேரளத்தின் காருண்யா அட்டை. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம். அந்த அட்டையை எல்லை தாண்டி இந்த ஆசுபத்திரி ஏற்குமா, பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கு ஏற்குமா என்பதை வாசலில் இருக்கிற காப்பீட்டு மேசையில் எழுத்தாகக் கேட்டு வாங்கவேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் ஆகாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

கோவை அரசு மருத்துவமனையைச் சம்பந்தி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அது தவறு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் பத்து வருடத்துக்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. கேரளத்தின் முதல் வங்கி எறணாகுளம் பொது மருத்துவமனையில் வந்தது 2021இல்தான். குறைமாதக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே வருகிறது. பாலக்காட்டுக்காரர்கள் அங்கே போய்ச் சேர்வதும் புதிதல்ல. கூட்டம் மட்டும் உண்டு, அதை ஒளிக்க முடியாது.

திருச்சூர் மெடிக்கல் காலேஜ் முளங்குந்நத்துக்காவில் இருக்கிறது. நம் அட்டை செல்லும், நம் மாநிலம். மொத்தக் கணக்கில் கேரளத்தின் எண்கள் நாட்டிலேயே நல்லவை: 2020ஆம் வருடக் கணக்கெடுப்பில் ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, ஆந்திரத்தில் 24, நாடு முழுவதும் 28. என் மச்சானின் துருப்புச்சீட்டு இதுதான். ஆனால் மாநிலத்தின் சராசரி ஒரு வார்டின் தரத்தைச் சொல்லாது. இரண்டு மாநிலத்திலும் நல்ல வார்டும் உண்டு, மோசமான வார்டும் உண்டு. திருச்சூரின் உண்மையான குறை தூரம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கு ஆகும் நேரத்தைவிட நன்றாகவே கூடுதல். பிரசவத்துக்கு ஒரு தடவை போக அது பெரிதில்லை. அதன் பிறகு ஒரு மாதம் அம்மா எங்கே தங்குவது, சாப்பாடு யார் கொண்டுபோவது என்றால் பெரிது.

விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது

சம்பந்தி எனக்கு ஒரு வண்ணப் பிரசுரம் காட்டினார். பத்து வெண்டிலேட்டர், குழந்தையைக் குளிரவைக்கும் எந்திரம், இன்னும் என்னென்னவோ.

குளிரவைக்கும் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது குறைமாதத்துக்கானதே அல்ல. பிரசவத்தின்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட, நாள் நிறைந்த குழந்தைகளுக்கானது. பணக்கார நாடுகளில் அது உயிரையும் மூளையையும் காப்பாற்றுகிறது என்பது நிரூபணமான செய்தி. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் உள்ள பெரிய மையங்களில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முடிவு 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. குளிரவைத்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. சாதாரணமாகப் பராமரித்தவற்றில் 31 சதவீதம். எந்திரம் அதே எந்திரம்தான். நம் நாட்டுக் குழந்தையின் மூளைக்கு அடிபடும் விதமும் நேரமும் வேறாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த முடிவைப் படித்த பிறகு, பிரசுரத்தில் எந்திரத்தின் பெயரைப் பார்த்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுவதில்லை.

வெண்டிலேட்டர் எண்ணிக்கையும் அப்படித்தான். முப்பது வாரக் குழந்தைகளில் பலருக்கு வெண்டிலேட்டர் வேண்டியிருக்காது. பிறந்தவுடனே மூக்கில் சிறு குழாய் வைத்து, விடாமல் லேசான காற்றழுத்தம் கொடுத்தாலே நுரையீரல் மூடிக்கொள்ளாமல் விரிந்து நிற்கும். சிபாப் என்பார்கள். அமெரிக்காவில் கிரகரி என்பவர் 1971இல் கொண்டுவந்த முறை. எங்கள் குழந்தைக்கு வைத்திருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன்: மூக்கிலிருந்து வெளியேறும் குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருந்தது. அந்த ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான் அழுத்தம். உலை கொதிப்பதுபோல் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. குமிழி நின்றால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். நர்ஸ் ஓடிவந்து மூக்குக் குழாயைச் சரிசெய்வார். வெண்டிலேட்டர் எத்தனை என்பதைவிட, ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குமிழியைப் பார்க்க ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தை என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

அம்மாவை உள்ளே விடுவார்களா?

கடைசியில் நாங்கள் எல்லை தாண்டிப் போனோம். எந்த ஆசுபத்திரி என்பது வேண்டாம். குழந்தை முப்பத்தாறு மணி நேரம் பொறுத்தது. நாலு ஊசியும் முடிந்திருந்தன. 1,340 கிராம், ஆண். அந்த இடத்தில் பிறந்ததுதான் அவனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அங்கே அம்மாவுக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. "மாமா, நான் பெத்தேனா இல்ல வேற யாராவது பெத்தாங்களான்னே தெரியல" என்றாள் நாலாம் நாள்.

அது வெறும் மனக்குறை என்றுதான் நினைத்தேன். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த நினைப்பு மாறியது. ஒரு கிலோவிலிருந்து 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பாதியினரை வழக்கம்போல் வைத்திருந்து, உடல்நிலை தேறிய பிறகு அம்மாவின் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டால் தொடங்கியது. மறு பாதியினருக்குத் தேறும்வரை காத்திருக்காமல், பிறந்த கொஞ்ச நேரத்திலேயே, தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே அம்மாவுக்கும் கட்டில் போட்டு மார்பில் கட்டிவிட்டார்கள். முதல் பிரிவில் 15.7 சதவீதம் இறந்தன. இரண்டாவதில் 12 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்ட இந்திய மையம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. கிருமித் தொற்றும் குறைந்தது. பிரசுரத்தில் இருந்த எந்த எந்திரமும் எங்கள் எடைக் குழந்தைக்கு இவ்வளவு செய்யுமா என்று தெரியவில்லை. இதற்கு வேண்டியது ஒரு கட்டிலும் ஒரு துணியும், அம்மாவும்.

பால் விஷயமும் இதோடு ஒட்டியது. குறைமாதக் குழந்தையின் குடலுக்கு வரும் பயங்கரமான நோய் ஒன்று உண்டு. வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, குடலின் ஒரு பகுதியே அழுகிவிடும். என்.ஈ.சி. என்று எழுதுவார்கள். இங்கிலாந்தில் லூக்காஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து 1990இல் எழுதினார்கள்: தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, டின் பால் மட்டும் குடித்தவர்களுக்கு இது 6 முதல் 10 மடங்கு அதிகம் வந்தது. அம்மாவின் பால் முதல் தேர்வு, வங்கிப் பால் இரண்டாவது, டின் பால் வேறு வழியில்லாதபோது. இந்த வரிசையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அம்மாவைக் கண்ணாடிக்கு வெளியே உட்காரவைத்தால் பால் எங்கிருந்து ஊறும்? முதல் இரண்டு நாள் பிழிந்து பிழிந்து சிரிஞ்சில் கிடைத்தது மஞ்சளாகச் சில சொட்டு. அவள் அதைக் காட்டி அழுதாள். வயதான நர்ஸம்மா ஒருவர், பாலக்காட்டுக்காரர், "இது பொன்னாணு மோளே" என்று வாங்கிப் பெயர் எழுதி ஒட்டினார். குழந்தைக்கு வாய்க் குழாய் வழியாக அப்போது போனது ஒரு வேளைக்கு இரண்டு மில்லி. சொட்டே போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் விடாமல் பிழிந்தால் ஒரு வாரத்தில் ஏறிவிடும் என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். ஒரு ஆசுபத்திரியை எடைபோட, அங்கே பால் பிழியத் தனி இடம் இருக்கிறதா, சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும் என்பது என் கட்சி.

இரண்டு முடிவு

பதினாலாம் நாள் நாங்கள் செய்ததை முதலிலேயே யோசித்து வைத்திருக்கவேண்டும். குமிழிப் புட்டி எடுத்தாகிவிட்டது, குழந்தை குழாய் வழியே முழுப்பால் குடிக்கிறது, இனி எடை ஏறவேண்டியதுதான் பாக்கி. அந்த நிலையில் பாலக்காட்டுப் பக்கம், அம்மாவைக் கூடவே படுக்கவைக்கும் சின்ன வார்டு ஒன்றுக்கு மாற்றிக்கொண்டோம். அங்கே நாள் முழுக்க, வேட்டித்துணியைக் குறுக்காகக் கட்டி மார்பிலேயே வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போனபோது மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தார். நர்ஸுகள் அவனை மலையாளத்தில் "வாவ", அதாவது பாப்பா, என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அதாவது, பிறக்கிற இடமும் வளர்கிற இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நாங்கள் திண்ணையில் ஒரே கேள்வியாக வைத்துச் சண்டை போட்டது இரண்டு கேள்வி. பிறப்பதற்கு, முதல் வாரத்துக்கு, திறமை இருக்கிற இடம், தூரத்தைப் பார்க்கவேண்டாம். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு, அம்மாவை விடுகிற இடம். பக்கத்தில் இருந்தால் நல்லது. பணக் கணக்கும் இதனால் பாதியாகிறது. 32 முதல் 34 வாரம் வரை என்றால், அம்மாவை உள்ளே விடுகிற, சிபாப் வைத்துப் பழக்கமுள்ள பாலக்காட்டு வார்டையே முதலிலிருந்து எடுத்துக்கொள்வேன். 28 முதல் 32 வரை, முதலில் பெரிய இடம், பிறகு திரும்பி வருவது. கோவையா திருச்சூரா என்பதை, சித்தூர் தாலுக்காக்காரர்கள் கோவை என்றும், ஆலத்தூர், வடக்கஞ்சேரிப் பக்கத்துக்காரர்கள் திருச்சூர் என்றும் ரோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஆக, சம்பந்தி சொன்னதிலும் பாதி சரி, நான் சொன்னதிலும் பாதி சரி. அவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

மாற்றும்போது ஒரு ஆபத்து உண்டு. நாங்கள் அதில் கால் வைக்க இருந்தோம். கண். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிந்திருக்காது. ஆக்ஸிஜன் ஏறி இறங்கும்போது அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். 1940களிலும் 50களிலும் இன்குபேட்டருக்குள் ஆக்ஸிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டு, மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். சரி, ஆக்ஸிஜனைக் குறைத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 85 முதல் 89 சதவீதம் போதுமா, 91 முதல் 95 வேண்டுமா என்று அமெரிக்காவில் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். குறைவாக வைத்தபோது கண் நோய் பாதியாகக் குறைந்தது; இறப்பு கூடியது. உயிரை முதலில் வைத்து, கண்ணைக் கண்காணித்துப் பிடிப்பது என்ற இன்றைய வழக்கம் அதிலிருந்து வந்தது.

இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, பிறந்த நாலு வாரத்துக்குள் முதல் கண் பரிசோதனை செய்யவேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் முதல் ஆசுபத்திரி, அடுத்த ஆசுபத்திரி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தது. இரண்டாவது, முதலிலேயே பார்த்திருப்பார்கள் என்று நினைத்தது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் கண் என்ற இடம் காலியாக இருந்ததை இருபத்தாறாம் நாள் மாப்பிள்ளைதான் பார்த்தார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேலந்தாவளம் வழியாகக் கிளம்பினோம். கோவையில் அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் இதைப் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டு, இமையை விரித்துப் பிடித்து, டாக்டர் உள்ளே பார்த்த அந்த இரண்டு நிமிடம் அவன் போட்ட சத்தம், 1,340 கிராமில் பிறந்தவன் போட்டதாகத் தெரியவில்லை. "குழாய் இன்னும் ஓரத்துக்கு வரலை, ஆனா ஒழுங்காத்தான் வளருது. ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்படி மூன்று தடவை போகவேண்டியிருந்தது. மூன்று தடவையும் கோவைக்கேதான் போனோம். சம்பந்திக்கு அதில் ஒரு திருப்தி.